மடுவத்தில் கேட்ட ‘டொக்’

சத்தத்தைப் பெருக்கித் தருவதாகச் சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு, வேலைநேரம் முழுவதும் சத்தத்தை அடக்கப் போராடுகிறவனுக்குத்தான் ஒலிபெருக்கி மெக்கானிக் என்று பெயர். இந்தப் பெட்டிகளோடு மாரடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேச்சைப் பெரிதாக்கு என்று பெட்டியிடம் கொடுக்கிறோம். அது பேச்சோடு நிற்கிறதா? யாரோ எங்கோ ஒரு சுவிட்சைத் தட்டினால் அதையும் வாங்கி, ‘டொக்’ என்று கூட்டத்தின் நெற்றியில் அடிக்கிறது. சனம் சுவிட்சைத் திட்டுவதில்லை, நம்மைத்தான் திட்டுகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டுப் பதுளை பஜாரில் கிராமபோனும் சைக்கிள் சாமானும் விற்ற ஒரு முதலாளியின் கடையில் இந்த வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் படிக்கவில்லை. படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரங்கள். சட்டையின் ஒரு பையில் தொழிலாளர் உரிமை பற்றியவை இருக்கும், மறுபையில் வால்வுப் பெட்டிகளோடு வந்தவை இருக்கும். பின்னாளில் மேடைகளில் மாலை வாங்கியவர்கள் பலர். அவர்கள் பேசிய மைக்குக்குக் கம்பி இழுத்தவன் நான். அதை அவர்கள் எவரும் எங்கும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று நானும் இப்போது காத்திருக்கவில்லை. ஆனால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரு பெண்ணின் குடும்பம் லயத்து வீட்டில் இருப்பதா, ரோட்டில் நிற்பதா என்பது ஒரே ஒரு ‘டொக்’கில் தொங்கியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குமுன், அந்தச் சத்தத்தோடு எனக்கு எப்படிப் பழக்கமானது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கிளப்பில் வெடித்த துப்பாக்கி

துரைமார் கிளப்பில் கிராமபோன் தட்டை எங்கள் பெட்டி வழியாகப் பெரிதாக்கி நடனம் வைத்தார்கள். தட்டு நன்றாகவே பாடியது. நடுநடுவே மட்டும் ‘டமார்’ என்று ஒரு வெடி. ஜெர்மன் யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய துரை ஒருவர் முதல் வெடிக்கே மேசைக்கடியில் போய்ப் படுத்துவிட்டார். அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. துரைமாரைக் கண்டு சிரிக்கும் சந்தர்ப்பத்தை விடாத நானும் சிரிக்கவில்லை.

வெடி எப்போது வருகிறது என்று மூலையில் நின்று கவனித்தேன். பட்லர் சாராய அறைக்குள் போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. அந்த அறையின் விளக்குச் சுவிட்சை அவர் தட்டுகிறார். உள்ளே இரண்டு செம்பு நாக்குகள் பிரியும் இடத்தில் ஒரு பொறி பறக்கிறது. விளக்குக் கம்பியும் எங்கள் கிராமபோன் கம்பியும் ஒரே ஆணியில் தொங்கியதால் அதன் அதிர்வு நேராகப் பெட்டிக்குள் வந்து விழுகிறது. எங்கள் கம்பியைப் பிரித்து எதிர்ச்சுவரில் ஓடவிட்டேன். சுவிட்சின் குறுக்கே மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒரு தடைக்கம்பியையும் ஒரு கண்டென்சரையும் சேர்த்துக் கட்டினேன். கண்டென்சர் என்பது மின்சாரத்தைக் கொஞ்சநேரம் வாங்கி வைத்துக்கொள்ளும் சின்னத் தகர டப்பா. பாய்ந்து வருவதை அது வாங்கிக்கொண்டது, பொறி அடங்கியது, வெடியும் நின்றது. பட்லர் என்னைக் குசினிப் பக்கம் கூட்டிப்போய் ரொட்டியும் ஆட்டுக்கறியும் வைத்தார். “நல்ல வேல செஞ்சீங்க தம்பி. இனி நான் எத்தன தடவ உள்ள போனேன்னு செகரட்டரி தொரைக்குக் கணக்குத் தெரியாது.”

முதல் மரியாதை

பஜார் கோவில் ஒன்றின் திருவிழாவுக்குப் பெட்டி போனது. பேட்டரி வீணாகக் கூடாது என்பதற்காக மைக்குக்கு ஒரு சுவிட்ச் வைத்திருந்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. அதற்குப் பிறகு என் கையில் எதுவும் இல்லை. சுவிட்சை முதலில் தட்டுவது யார் என்று ஜவுளிக்கடைக்காரருக்கும் அரிசிக்கடைக்காரருக்கும் சண்டை. தேர்வடத்தை முதலில் தொடும் உரிமையைப் போல இதுவும் பரம்பரை உரிமை என்றார் ஒருவர். பெட்டி இந்த ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடைசியில் ஒரு பூசைக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் பலம் காட்டி அடித்த அடியில், தீபாராதனை நேரத்தில் ‘டமார்’ என்று ஒலிக்குழாய் அதிர்ந்தது. குருக்கள் மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டார்.

மைக்கை நிறுத்தாமல் எப்போதும் ஓடவிட்டேன், சத்தம் போனது. ஆனால் மரியாதையை நிறுத்த முடியுமா? பித்தளைக் குமிழ் வைத்த ஒரு புதுச் சுவிட்சைப் பலகையில் பதித்து, குங்குமம் வைத்து, அவர்கள் முன்னால் நிறுத்தினேன். அதிலிருந்து ஒரு கம்பியும் எங்கும் போகவில்லை. அடுத்த பூசையில் அரிசிக்கடைக்காரர் அதைத் தட்டினார். குழாய் அமைதியாக இருந்தது. அவர் ஜவுளிக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “பாத்தீங்களா செட்டியாரே, எதுக்கும் கைராசி வேணும்.”

கைதட்டல்

பண்டாரவளைச் சந்தைத் திடலில் எங்கள் தொழிலாளர் சங்கக் கூட்டம். கொழும்பிலிருந்து ஒரு தலைவர் வந்தார். நான் இரவல் பெட்டியோடு மேடைக்குக் கீழே இருந்தேன். என் இடம் எப்போதும் அதுதான். அவர் ஒவ்வொரு கருத்தையும் சொல்லி நிறுத்தித் தண்ணீர் குடிப்பார். குடிக்கிற சத்தம் குழாயில் போகாமலிருக்க நான் மைக்கை நிறுத்துவேன். நிறுத்தும்போது ‘டொக்’. கூட்டம் அதைக் கைதட்டச் சொல்லும் அடையாளம் என்று எடுத்துக்கொண்டது. ‘டொக்’ என்றதும் திடல் முழுக்கக் கைதட்டல்.

மறுமாதக் கூட்டத்துக்குமுன், என் தொழில் மானத்தைக் காப்பாற்ற, அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டேன். தலைவர் பேசினார், நிறுத்தினார், தண்ணீர் குடித்தார். திடல் சும்மா நின்றது. இறங்கி வந்தவர் என் தோளில் கைபோட்டு மெதுவாகக் கேட்டார்: “தோழரே, போன மாசம் போட்ட மெஷின் இப்ப யார்கிட்ட இருக்கு?”

மழை பேசும் தோட்டம்

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அந்தத் துரை எங்கள் முதலாளியிடம் வாங்கிய பெட்டியைப் பங்களா ஆபீசில் வைத்திருந்தார். அங்கிருந்து கம்பி இழுத்து, பெண்கள் கொழுந்து நிறுக்கக் காத்து நிற்கும் கொட்டகையான மடுவத்தில் ஒரு ஒலிக்குழாய் மாட்டியிருந்தார். கொழுந்து முத்தல், கூடை அழுக்கு என்று இருந்த இடத்திலிருந்தே ஏசலாம். அதோடு அவர் நிற்கவில்லை. ஒலிக்குழாய்க்கு ஒரு குணம் உண்டு. அதற்கு வாய் மட்டுமல்ல, காதும் இருக்கிறது. கம்பியை மாற்றிக் கொடுத்தால் தன் முன்னால் நடக்கும் பேச்சை அதுவே வாங்கி அனுப்பும். துரை பெட்டியில் ஒரு மாற்றுச் சுவிட்ச் வைத்திருந்தார். இந்தப் பக்கம் தள்ளினால் அவர் பேசுவார், அந்தப் பக்கம் தள்ளினால் மடுவத்துப் பேச்சு அவர் காதில் மாட்டியிருக்கும் காதுக்குழலில் விழும்.

எதற்காகக் கேட்கிறார் என்பதை, பெட்டியைப் பழுதுபார்க்கப் போன என்னிடம் அவரே சொன்னார். மெக்கானிக்குக்குக் காது கிடையாது என்று துரைமாருக்கு ஒரு நம்பிக்கை. பால்குடிப் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலையேறுகிற பெண்கள், நடுவில் இறங்கிவந்து பால் கொடுக்க நேரம் கேட்கப் போகிறார்கள் என்று கூலிகளை மேற்பார்க்கும் பெரிய கங்காணி அவர் காதில் போட்டிருந்தார். யார் முன்னால் நிற்பது என்பது மட்டும் தெரியவில்லை. தெரிந்தால் பத்துச்சீட்டு, அதாவது வேலைநீக்கக் காகிதம். அவள் வீட்டில் அத்தனை பேருக்கும் அன்றோடு வேலை நின்று, சட்டிபானையோடு லயத்தைக் காலிசெய்ய வேண்டும். நான் எந்தப் பக்கத்து ஆள் என்று துரைக்குத் தெரியாது. மேடை ஏறாத முகத்தால் கிடைத்த ஒரே லாபம் அது.

அவர் சொன்ன குறை இரண்டு. சுவிட்சைத் தள்ளினால் காதுக்குழலில் சம்மட்டி அடித்தாற்போல ‘டொக்’ விழுகிறது. இன்னொன்றைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது: “இந்தப் பொம்பளைங்க எல்லாம் மழை பேசுது. நல்ல வெயில்லயும் மழை பேசுது. ஏன்?”

பீலியில் கற்ற பாடம்

துரை கொழுந்து பறிக்கும் மலையைப் பார்வையிடப் போனார். நான் காதுக்குழலை மாட்டிக்கொண்டு சுவிட்சைத் தள்ளினேன். ‘டொக்’. அதற்குமுன் மடுவத்தில் என்ன பேச்சு நடந்ததோ, அது பாதி வார்த்தையில் அறுந்தது. ஒரு குரல், “இன்னிக்கு மழ வருமாக்கா?” என்றது. “வந்தாலும் வரும்,” என்றது இன்னொன்று. ஒருத்தி போன மழையைப் பற்றிச் சொன்னாள். இன்னொருத்தி அடுத்த மழையைப் பற்றிச் சொன்னாள். சுவிட்சைத் திருப்பினேன், மறுபடி ‘டொக்’. அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. துரையின் காதில் விழும் அதே அடி, மடுவத்துக் குழாயிலும் விழுகிறது.

ஏன் விழுகிறது என்ற ஆவல் வந்துவிட்டது. இந்த ஆவல் வந்தால் யாருக்காக வேலை செய்கிறோம் என்பதே மறந்துபோகும், உங்களுக்கும் மறந்திருக்கும். லயத்துப் பீலியைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வரும் மூங்கிலைக் கழற்றிவிட்டு மறுபடி பொருத்தினால், காலியாகக் கிடந்த மூங்கில் முதலில் ‘கபக்’ என்று ஒரு வாய் விழுங்கும். பிறகுதான் ஒழுங்காக ஓடும். கண்டென்சரும் அப்படித்தான். சுவிட்ச் அதைத் தனியாக விட்டுவிட்டால் உள்ளே இருப்பது கசிந்து காலியாகிறது. மறுபடி தொட்டதும் ஒரே வாயில் விழுங்குகிறது. அந்த விழுங்கலைத்தான் பெட்டி பெரிதாக்கிக் காட்டுகிறது. மூங்கிலில் எப்போதும் ஒரு நூல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் ‘கபக்’ ஏது? கண்டென்சருக்கும் அப்படியொரு கசிவு கொடுத்தால் போதும். காதுக்குழல் பக்கம் ஒன்று, மடுவத்துக் கம்பியின் பக்கம் ஒன்று என்று தீக்குச்சி அளவில் இரண்டு தடைக்கம்பிகளை வைத்துப் பற்றவைத்தேன். ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த, துரைக்குச் சமைக்கும் பங்களா அப்பு கேட்டார்: “இத்தினூண்டு குச்சிக்கா பதுளையிலருந்து வந்தீங்க?”

முதல் காது

சுவிட்சைத் தள்ளினேன். ஒரு சத்தமும் இல்லை. என் வேலையில் எனக்கே ஒரு பெருமிதம். ஆனால் மடுவத்துப் பேச்சு இந்தத் தடவை அறுந்துபோகவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதில் மழை இல்லை.

“நாளான்னிக்கு, வெயில் ஏறுனதும் நான் மொதக் கூடையக் கீழ வைப்பேன். யாரும் என் மூஞ்சியப் பாக்காதீங்க. அவுங்கவுங்க கூடைய வச்சுட்டு எறங்கிருங்க.”

“கங்காணி கேட்டா என்னா சொல்றது?”

“புள்ள பசிக்கு அழுவுதுன்னு சொல்லு. ஒனக்குத்தான் புள்ளயே இல்லையே பழனிம்மாக்கா, நீ என்னா சொல்லுவ?”

“எனக்கே பசிக்குதுன்னு சொல்றேன், போ.”

சிரிப்பு. குழாய்க்கு மிக அருகே நின்று சிரிக்கிறார்கள். என் காது அதிர்ந்தது. பிறகு பழனியம்மாவின் குரல் தாழ்ந்து வந்தது. “வெளாட்டு இல்லடி மருதாயி. பேரு வெளிய போச்சுன்னா பத்துச்சீட்டு ஒனக்குத்தான். ஒம் மாமியாளையும் புள்ளைகளையும் தூக்கிக்கிட்டு எங்க போவ?”

வெளியே துரையின் குதிரைக் குளம்படி. நான் காதுக்குழலைக் கழற்றப் போகும்போது மருதாயி சொன்னாள்: “அதெல்லாம் போகாதுக்கா. குழாய் டொக்குன்னு சொல்லிட்டுத்தான தொரையே காது வைப்பான்.”

துரையின் கை

இதற்கு என் இரண்டு பைகளிலும் இருந்த எந்தப் பிரசுரத்திலும் விடை இல்லை. மடுவத்துப் பக்கம் வைத்த தடையைப் பிடுங்கி எடுத்துவிடலாம். ஆனால் துரை மடுவத்துக்கே போய் நின்று சோதித்தால், அங்கே ‘டொக்’ விழுவது தெரிந்துபோகும். துரை தாழ்வாரத்தில் நின்று அப்புவிடம் தண்ணீர் கேட்டுக் குடிக்கும் நேரம்தான் எனக்கு இருந்தது. காதுக்குழல் பக்கத்துத் தடையைத் தொடவில்லை. மடுவத்துத் தடையைக் கம்பியிலிருந்து எடுத்து, சுவிட்சின் நடுக்கட்டையில் மாற்றிவைத்தேன். சுவிட்சை மெதுவாகக் கொண்டுவந்து நடுவில் ஒரு மூச்சு நிறுத்தினால், கண்டென்சர் சத்தமில்லாமல் நிரம்பிக்கொள்ளும். ஒரே தள்ளாகத் தள்ளினால் மடுவத்தில் பழையபடி ‘டொக்’.

நினைத்தபடியே துரை மடுவத்துக்குப் போய்க் குழாயின் கீழே நின்றார். நான் ஆபீசில் சுவிட்சை நடுவில் நிறுத்தி, மூச்சு விட்டு, தள்ளினேன். திரும்பி வந்தவர் முகம் மலர்ந்திருந்தது. அவரிடம் நான் பொய் சொல்லவில்லை. “நடுவுல கொஞ்சம் நிறுத்தித்தான் தள்ளணும் தொரை. அவசரப்பட்டா பழைய குத்தம் வரும்,” என்று இரண்டு தடவை சொன்னேன். ஒரு கூலிக்காரன் தனக்கு நிதானம் கற்றுக்கொடுப்பதைத் தாங்கும் துரை ஒருவரையும் நான் ஊவா மாகாணம் முழுவதும் கண்டதில்லை. அந்த நம்பிக்கையில்தான் சொன்னேன். அவர் காதுக்குழலை மாட்டிக்கொண்டு, வேண்டுமென்றே ‘படக்’ என்று தள்ளினார். காதுக்குழலில் சத்தம் இல்லை. மடுவத்தில் என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியும். துரை சிரித்தார்: “எங்கே டொக்? இல்லை. நான் தோட்டம் நடத்துறேன், சுவிட்சுக்குக் காத்து நிக்க முடியாது.”

வேலை தெரியாத ஆள்

அந்த நாள் வந்தபோது நான் பதுளைக் கடையில் ஒரு கிராமபோனுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். நடந்ததை அப்பு வந்து சொன்னார். வெயில் ஏறியதும் ஒரு கூடை கீழே போனது. யாருடையது என்று கங்காணி பார்க்குமுன் மலை முழுக்கக் கூடைகள் தரையில் இருந்தன. பெண்கள் வரிசையாக இறங்கிப் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்விட்டார்கள். துரை ஒவ்வொருத்தியையும் நிறுத்திக் கேட்டார். பிள்ளை பசி என்றார்கள். பழனியம்மா சொன்னபடியே, தனக்குத்தான் பசி என்றாள். கொழுந்து கொட்டுகிற காலம். அத்தனை பேருக்கும் பத்துச்சீட்டு எழுத முடியாது. ஒருத்திக்கு எழுத, பெயர் இல்லை. காதுக்குழலில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் மழைதான். சில நாள் கழித்து, பால் கொடுக்க நேரம் உண்டு என்று அதே குழாயில் அறிவித்தார், தன் தயவில் தருவதுபோல.

எங்கள் சங்கத்தில் இதைச் சொன்னேன். யார் ஒழுங்கு செய்தது என்று கேட்டார்கள். யாருமில்லை என்றேன். அப்படியானால் இது நம் வெற்றி அல்ல என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

பிறகு ஒருநாள் மடுவத்துக் குழாயின் கம்பி காற்றில் அறுந்ததென்று போனேன். ஏணியில் நின்று கட்டிக்கொண்டிருந்தபோது கீழே கூடையோடு வந்து நின்றவளை நான் முன்பு பார்த்ததில்லை. அவள் பிள்ளையை அதட்டிய குரலைக் கேட்டதும் மருதாயி என்று தெரிந்தது. இடுப்பில் பிள்ளை. எட்டத்தில் கங்காணி. நான் செய்ததைச் சொல்ல வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஒருத்திக்குத் தெரிந்தால் ஒன்பது பேருக்குத் தெரியும், ஒன்பதில் ஒருத்தி கங்காணிக்குச் சொந்தம். குழாய் இன்னும் அங்கேதான் தொங்குகிறது, துரையும் அங்கேதான் இருக்கிறார். அவள் கங்காணிக்குக் கேட்காதபடி என்னை அண்ணாந்து பார்த்து, சிரித்துக்கொண்டே சொன்னாள்: “பெட்டிக்காரரே, சத்தத்த நிப்பாட்டப் பதுளையிலருந்து ஆளு வந்துட்டுப் போச்சுன்னு பொறவு தெரிஞ்சதும், இனி வாயே தொறக்க முடியாதுன்னு நெனச்சோம். மாரியம்மா புண்ணியம், வேல தெரியாத ஆளாப் பாத்து அனுப்பி வச்சா.”

கிளப்பிலும் கோவிலிலும் மேடையிலும் எத்தனையோ சத்தங்களை அடக்கியவன் நான், ஆனால் அவற்றிலெல்லாம் அடக்கக் கடினமாக இருந்தது அன்று அந்த ஏணியின்மேல் என் வாயிலிருந்து கிளம்பப் பார்த்த சத்தம்தான்.